நடந்தே வந்த சொல்

மிதவைத் தூத்துக்குடியின் மீன் சந்தையில் காலை ஆறரை மணிக்குக் கடலின் சத்தம் கேட்கும். சந்தை என்றால் கூச்சல்தானே என்று நினைப்பவர் அந்த ஊருக்குப் புதிது. முந்நூறு பேர் நிற்பார்கள். பாறையும் விளைமீனும் சாளையும் தட்டுகளில் பளபளக்கும். விற்கிறவள் வாங்குகிறவளைப் பார்ப்பாள், வாங்குகிறவள் விற்கிறவளைப் பார்ப்பாள், கண் ஒரு தடவை இமைக்கும். அந்த இமைப்புக்குள் விலை கேட்டு, மூக்கைச் சுளித்து, "நேத்துச் செத்த மீனை இன்னைக்குன்னு சொல்லுதியே, உனக்கே நல்லாருக்கா?" என்று ஏசி, பதிலுக்கு ஏச்சு வாங்கி, பத்தடி நடந்து, கூப்பிட்டதும் திரும்பி வந்து, பேரம் முழுக்க முடிந்திருக்கும். வாய்விட்டுச் சொல்வது கடைசிச் சொல் மட்டும்.

"சரி."

"ம்."

ஜெசிந்தா விளைமீனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அந்த ஊரின் தெருக்கள் மிதவைப் பலகைகள். அலை வரும்போது தெரு மெல்ல மேலேறும், போகும்போது கீழிறங்கும். ஊரே தூங்கிக்கொண்டு மூச்சு விடுவதுபோல இருக்கும். எதிரே வந்தவர்கள் நலம் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டாயிற்று, பதிலும் சொல்லியாயிற்று. காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மிளகளவு மணிக்குள் அது நடந்து, நடந்த சுவடில்லாமல் அழிந்தும் போயிற்று.

வீட்டில் அவள் புருஷன் கஸ்பார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விட்டுப்போன இடத்திலேயே, விட்டுப்போன மாதிரியே.

"வந்துட்டேன். விளைமீன். குழம்பு வைக்கவா, பொரிக்கவா? குழம்பு. சரி. தேங்காய் அரைச்சா, அரைக்காமலா? அரைச்சு. ஜன்னலைச் சாத்தவா? வேண்டாம்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கஸ்பாரின் கண்கள் அவளுக்குப் பின்னால் மெதுவாக வந்து, வாசல்படியில் நின்றுவிட்டன.

அன்று திங்கட்கிழமை, எண்பத்தாறாம் நாள். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர் ஒரு நாள் காலை காபி டம்ளரைக் கையில் எடுத்தபடியே சாய்ந்தார். மூளையில் ரத்தக் கட்டு. கை திரும்ப வந்தது, கால் வந்தது, நடந்தார், சாப்பிட்டார். பேச்சு மட்டும் வரவில்லை.

மிதவை நகரத்தில் ஒரு சட்டம் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் நகரத்தை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போது ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவரும் குரல் கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாள் குரல் கொடுக்காதவரை நீரின்மேல் வைத்துக்கொள்ள முடியாது. கரையில், கயத்தாறுப் பக்கம், அமைதி இல்லம் என்று ஒன்று கட்டியிருந்தார்கள். மரங்கள் உண்டு, மருத்துவர்கள் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். அவர் முன்னால் கஸ்பார் சுயமாக ஒரு வாக்கியம் பேச வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமைப் படகு.

ஜெசிந்தா இதை யாரிடமும் சொல்லி அழவில்லை. அழுகையையெல்லாம் முன்னிழை முன்கூட்டியே அழுது முடித்திருக்கும்.

முன்னிழை என்றால் என்ன என்று அவளைத்தான் கேட்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் வேலையே அதைச் சீவுவது.

முற்காலத்துக் கணிப்பொறிகளில் ஒரு தந்திரம் இருந்தது. சில நிரல்களைத் துண்டு போட்டுப் பலரிடம் கொடுக்க முடியாது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. துணைக்கு எத்தனை ஆள் வந்தாலும் ஒருவன் தன் கஞ்சியைத் தன் ஒரு வாயால், மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். அப்படிப்பட்ட ஒற்றை நிரல் பிராசஸரில் ஓடும்போது, ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். தூரத்து நினைவகத்திலிருந்து ஏதாவது ஒன்று வந்துசேர வேண்டும் என்று காத்துக்கொண்டு நிற்கும். அதனால் அதே நிரலின் மெலிந்த நகல்படி ஒன்றைப் பக்கத்தில் முன்னே ஓடவிட்டார்கள். ஹெல்பர் த்ரெட் என்று அதற்குப் பெயர். அது எதையும் எழுதாது, எதையும் முடிக்காது. பின்னால் வருகிறவனுக்கு என்னென்ன தேவைப்படும் என்று பார்த்து, தூரத்திலிருந்து எடுத்து வந்து கைக்கெட்டும் தட்டில் வைத்துவிட்டு இன்னும் முன்னே ஓடும். அது செய்த கணக்கெல்லாம் குப்பைக்கு. எடுத்து வைத்தது மட்டும் மிச்சம்.

மனுஷ மனசும் ஒற்றை இழைதான். அதுவும் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ஒரு பேர் ஞாபகம் வர வேண்டும், ஒரு சொல் நாக்குக்கு வர வேண்டும். அதற்கும் ஒரு மெலிந்த படியைச் செய்து மணிக்குள் வைத்து முன்னே ஓடவிட்டபோது, ஜனங்களின் தயக்கமெல்லாம் போயிற்று.

மெலிந்த படி செய்வதுதான் ஜெசிந்தாவின் சாமர்த்தியம். சீவுகூடத்தில் அவள் பெஞ்சின்மேல் ஒருவருடைய மனம் நீளமான ஒளிநூலாக மிதக்கும். அடுத்த சொல்லுக்குப் போக எது அவசியமோ அதை விட்டுவிட்டு மற்றதைச் சீவுவாள். செருமல், சிரிப்பு, சுற்றிவளைப்பு, திடீரென்று ஜன்னலைப் பார்ப்பது எல்லாம் இறகு இறகாகப் பறந்து தரையில் விழும். ஊரிலேயே ஒல்லியான இழை அவள் கையில்தான் வரும். கஸ்பாருக்கும் அவள்தான் சீவினாள். அன்றைக்கு அவர் அந்தக் குட்டி இழையைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "என்ன ஜெசி, செதிலும் குடலும் போக நான் இவ்வளவுதானா? பூனைக்குக்கூடப் பத்தாதே!"

கூடமே சிரித்தது. அப்போது ஜனங்கள் இன்னும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை வேலை முடிந்தபின் அவள் கஸ்பாரின் இழையை வீட்டிலேயே திறந்து பார்த்தாள். கோளாறு பார்த்ததுமே தெரிந்தது. இழை ஓடுகிறது, நன்றாக ஓடுகிறது, அதுதான் கோளாறு. மூல மனம் நோயில் ஆமையாகிவிட்டது. முன்னிழையோ பழைய வேகத்தில் பறக்கிறது. தட்டில் ஏழெட்டுச் சொல்தான் நிற்கும். மீனைப் பற்றிக் கேட்டால் குழம்பு என்ற சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறது. அவர் அதைத் தேடி வருவதற்குள் புளியும் சோறும் தட்டும் தண்ணீரும் கைகழுவும் துண்டும் வந்து குழம்பைத் தள்ளி வெளியே போட்டுவிடுகின்றன. அவர் வந்து பார்க்கும்போது அவர் முன்னால் இருப்பது துண்டு. துண்டை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்ன பதில் சொல்வார்?

"அட பாவமே" என்றாள் ஜெசிந்தா. "ஊரிலேயே ஒல்லியா நான்தான செஞ்சேன்."

செவ்வாயும் புதனும் உட்கார்ந்து, சீவியதைத் திரும்ப ஒட்டினாள். சீவல்களைப் பாதுகாக்கிற வழக்கம் கூடத்தில் இல்லை, அன்றன்றைக்கே அழித்துவிடுவார்கள். அதனால் ஞாபகத்திலிருந்துதான் ஒட்ட வேண்டியிருந்தது. பேசுவதற்கு முன் அவர் மூக்குத் தண்டைத் தேய்ப்பார். அது அரை நொடி. கதை சொன்னால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதிலிருந்து தொடங்குவார். அது நாலு நொடி. ஒட்ட ஒட்ட இழை கனத்தது, வேகம் குறைந்தது. புதன் மாலை அவர் உதடு அசைந்தது.

"சொல்லுங்க" என்றாள். "தண்ணியா? தண்ணிதான். இந்தா."

தண்ணீரைக் குடித்தார். உதடு அடங்கிவிட்டது.

வியாழக்கிழமை பிலோமி வந்தாள். கஸ்பாரின் தங்கை. இழுவைப் படகு ஓட்டுகிறவள், ஆறு வாரம் கழித்து ஊர் திரும்பியிருந்தாள். ஆழ்கடலில் முன்னிழைக்கு அலைவரிசை கிடையாது. அதனால் பிலோமி ஊருக்குள் வந்தால் முதல் இரண்டு நாள் சத்தமாகப் பேசுவாள், எல்லோரையும் சத்தமாகப் பேச வைப்பாள்.

"அண்ணன், எப்படி இருக்க? மெலிஞ்சிட்டியே!" என்று அவர் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அவிய நல்லா இருக்காவ. சாப்பிடுதாவ. உன்னைத்தான் தேடினாவ" என்றாள் ஜெசிந்தா.

"தேடினதா அவனே சொன்னானா?"

"இல்ல. சொல்ல வந்தாவ."

பிலோமி பின்னால் நகர்ந்தாள். சுவரில் சாய்ந்து இரண்டு மணிநேரம் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா வந்தாள், போனாள், விசிறியைக் கூட்டவா என்றாள், கூட்டினாள், காபியா என்றாள், கொண்டுவந்தாள். கடைசியில் பிலோமி எழுந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மதினி, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது."

"நீ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். நான் அவிய இழையை இன்னும் மெதுவாக்கணும்னு..."

"பாத்தியளா! இதைத்தான் சொல்லுதேன். நான் அதைச் சொல்ல வரலை."

ஜெசிந்தா வாயை மூடினாள்.

"நீங்க கேக்குதிய, நீங்களே பதில் சொல்லுதிய. இந்த ரெண்டு மணிநேரத்துல முப்பத்தொண்ணு எண்ணிட்டேன். அவன் வாயைத் திறக்கதுக்குள்ள கேள்வி செத்து, பதில் செத்து, அடக்கமும் ஆயிருது. பிறகு எதுக்குய்யா பேசணும்னு சும்மா இருக்கான்."

"அவிய என்ன சொல்லுவாவன்னு எனக்குத் தெரியாதா? முப்பத்தாறு வருஷம்..."

"உங்களுக்குத் தெரியுதா, உங்க மணிக்குத் தெரியுதா?"

ஜெசிந்தா பதில் தேடினாள். முன்னிழை பதினொரு பதில்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தது. பதினொன்றும் நன்றாகவே இருந்தன. ஒன்றைக்கூட எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பிலோமி போன பிறகு அவள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். "என்னங்க" என்றாள். உடனே தட்டில் அவர் பதில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவர் குரலிலேயே, சூடாக. கஸ்பார் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவே தொடங்கியிருக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருப்பது எதிரே இருக்கிறவரை அல்ல. தன் காதுக்குப் பின்னால் ஓடுகிற மெலிந்த ஜெசிந்தா ஒருத்தி, தானே செய்துகொண்ட மெலிந்த கஸ்பார் ஒருவரோடு பேசிவிட்டு வந்து ஒப்பிக்கிறாள்.

மணியை நிறுத்தினால் அறுபது தாண்டியவளுக்குத் திரும்ப முளைக்காது. இது அவளே எத்தனையோ பேருக்குச் சொன்ன எச்சரிக்கை. முன்னிழை இல்லாதவளுக்குச் சீவுகூடத்தில் பெஞ்சும் கிடையாது. வயது அறுபத்தொன்று.

அவள் காதுக்குப் பின்னால் கைவைத்து, மிளகை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். பத்து நொடி பிடிக்க வேண்டும். ஏழாவது நொடிவரை, அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரிந்திருந்தது. எட்டாவது நொடியில் தெரியவில்லை.

எப்படி இருந்தது என்றால், வீட்டின் சுவர்கள் எல்லாம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தன. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள்கள் எல்லாம் தூரத்து அலமாரிக்குப் போய்விட்டன. ஜன்னலில் ஒரு வெள்ளைப் பறவை உட்கார்ந்தது. அதற்கு ஒரு பேர் உண்டு என்று தெரிந்தது. அந்தப் பேரைத் தேடி நீண்ட ஈரமான தாழ்வாரம் ஒன்றில் அவள் நடந்தாள். வழியில் அம்மா தலைசீவிவிடுவது கிடந்தது, ஒரு மழைநாள் கிடந்தது, யாருடைய கல்யாணத்திலோ தின்ற மக்ரூனின் இனிப்பு கிடந்தது. ஒவ்வொன்றையும் நின்று பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது பறவை பறந்திருந்தது. கடற்காகம் என்று அவள் காலி ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை தூரமா இருக்கிறது உள்ளே!

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆக்சிலியா என்ற அதிகாரி வந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் கனத்த பை, கையில் படிவப் பலகை.

"முன்னிழை இல்லையா உங்களுக்கு?" என்றாள் வந்தவுடன். ஜெசிந்தாவின் இழையோடு உரையாட அவளுடைய இழை முயன்று, எதிரே ஆளில்லாமல் திரும்பியிருக்க வேண்டும்.

"நேத்து நிறுத்திட்டேன்."

"சீவுகூடத்துல இருக்கவங்கன்னு போட்டிருக்கே?"

"இருந்தேன்."

ஆக்சிலியா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கஸ்பாருக்கு நேரே போய் நின்று தெளிவாகக் கேட்டாள்: "ஐயா, உங்க பேர் என்ன?"

அலை வந்தது. வீடு மேலேறியது, இறங்கியது.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த ஊரில் இரண்டு நிமிஷம் யாரும் யாருக்காகவும் நின்றதில்லை. ஆக்சிலியா காலை மாற்றி வைத்தாள்.

"பதில் இல்லைன்னு என் முன்னிழை படிவத்தை நிரப்பிட்டும்மா. அது அடுத்த வீட்டுக்கே போயிட்டு."

"அது போகட்டும். நீங்க இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"விதியில எவ்வளவு போட்டிருக்கு?"

ஆக்சிலியா பலகையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பதில் வரும்வரை என்றுதான் இருந்தது. விதியை எழுதியவர்களுக்கு, ஒரு பதில் வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகலாம் என்பது கனவிலும் தோன்றியிருக்காது.

ஐந்து நிமிஷம். எட்டு. ஜெசிந்தாவின் நாக்கு துடித்தது. கஸ்பார், கஸ்பார் என்று எடுத்துக் கொடுத்துவிடலாம்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கஸ்பாரின் கண்கள் அதிகாரியின் முகத்திலிருந்து பைக்கு இறங்கின. பையிலிருந்து கைக்கு, கையிலிருந்து காலுக்கு. காலில் வெகுநேரம் நின்றன. பதினாறாவது நிமிஷத்தில் அவர் மூக்குத் தண்டைத் தேய்த்தார். வாய் திறந்தது, மூடியது, திறந்தது.

"அந்தப் பொண்ணு..." என்றார். குரல் துருப்பிடித்திருந்தது. "அந்தப் பொண்ணு... வந்ததுலருந்து... நின்னுக்கிட்டே இருக்கு. உக்காரச் சொல்லு, ஜெசி."

ஆக்சிலியா பலகையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அந்த ஊரில் வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லும் வழக்கம் போய்ப் பல வருஷம் ஆயிற்று. உட்காருகிற அளவு யாரும் தங்குவதில்லை. அந்த ஒரு சொல்லை எல்லோருடைய இழையிலிருந்தும் முதல் காரியமாகச் சீவி எறிந்தவள் ஜெசிந்தாதான். அவள் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஆக்சிலியாவுக்குப் பின்னால் வைத்தாள்.

"உக்காருங்க."

ஆக்சிலியா உட்கார்ந்தாள். உட்கார்ந்தபின்தான் கால் வலிப்பதே தெரிந்ததுபோல முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தாள்.

"விசித்திரமா இருக்கே. இவர் முன்னிழை இவர் பேர், அப்பா பேர், தெரு, வயசு எல்லாம் எடுத்து வச்சிருக்கு. நாற்காலியைப் பத்தி ஒண்ணுமே இல்லை. என் இழையிலயும் இல்லை. இதை யாருமே முன்னாடி கொண்டாந்து வைக்கலையேம்மா."

"அப்ப அது நடந்தே வந்திருக்கு" என்றாள் ஜெசிந்தா.

"சுயமான வாக்கியம்னு எழுதிக்கிடுதேன். எத்தனை வாக்கியம்னு போடணும். ரெண்டு." எழுதினாள். "ஆனா இழை பயன்பாடு பூஜ்யம். அதை எடுத்துரணும்."

"எடுத்துருங்க."

"எடுத்தா இதைவிட வேகம் வராது. புயல் நேரத்துல கூப்பிட்டா குரல் வர இருபது நிமிஷம் ஆகுமே?"

"நாங்க இருபது நிமிஷம் முன்னாடியே கூப்பிட்டுக்கிடுதோம்."

ஆக்சிலியா சிரித்துவிட்டாள். சத்தம் வெளியே வந்ததும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். போகும்போது வாசலில் ஒரு நொடி தயங்கி நின்றாள். அவளுடைய இழை மூன்றாவது வீட்டையும் முடித்துவிட்டு நாலாவது வீட்டில் நின்றிருக்கும்.

சனிக்கிழமைப் படகு காலியாகப் போயிற்று. சீவுகூடத்திலிருந்து, பெஞ்சை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு வரி வந்தது. சந்தையில் மீன்காரி அவளைப் பார்த்துக் கண்ணை இமைத்துவிட்டு, பதில் வராமல், பேந்தப் பேந்த விழித்தாள். "வாயைத் திறந்து சொல்லேன்ட்டி, எவ்வளவு?" என்று ஜெசிந்தா கேட்டபோது முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் கஸ்பாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக அவர் சொன்னதாகத் தனக்கு ஞாபகமிருக்கும் பேச்சில், உண்மையாகவே அவர் சொன்னது எவ்வளவு? பிள்ளை இல்லையே என்று ஒரு தடவை அவள் அழுதபோது, பரவாயில்லை ஜெசி என்றார். அதை அவர் சொன்னாரா? கரைக்குப் போய்விடலாமா என்று கேட்டபோது, எதற்கு என்றார். சொன்னாரா? அவர் மெள்ள வாயைத் திறந்துகொண்டிருக்கும்போதே பதிலை வாங்கிக்கொண்டு அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டிருந்தால்?

தாழ்வாரத்தில் நடந்து நடந்து தேடினாள். அவர் குரலும் மணிக்குள் கேட்ட அவர் குரலும் ஒன்றுபோலவே இருந்தன. பிரித்தெடுக்க முடியவில்லை. சீவுவதில் அவ்வளவு கைதேர்ந்தவளுக்கு இதைப் பிரிக்கத் தெரியவில்லை.

"என்னங்க" என்றாள் கடைசியில். "இத்தனை வருஷமா நான் கேக்காமலே போனது ஏதாவது இருக்கா?"

கேள்வி அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கண்கள் அவள் முகத்தை விட்டு இறங்கி, எங்கோ உள்ளே திரும்பின. வெயில் கூரையிலிருந்து சுவருக்கு வந்தது. சுவரிலிருந்து அவள் மடிக்கு வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு விருந்து வந்து, சத்தமில்லாமல் முடிந்து, கலைந்து போயிற்று.

அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குக் கொஞ்சம்கூடத் தெரியவில்லை. நல்லதாகவும் இருக்கலாம், தாங்க முடியாததாகவும் இருக்கலாம். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதோ, வழியில் எங்கெங்கே நிற்கிறதோ.

கஸ்பாரின் கை மூக்குத் தண்டுக்குப் போயிற்று.

"அன்னைக்கு வாடைக்காத்து..." என்று தொடங்கினார்.

ஜெசிந்தா காலை மடக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டு கேட்கலானாள்.